பொம்மைக்குப் பதிலாகப் பயூமி மாமா

அலெக்ஸாந்திரியாவில் கடலைப் பார்த்து நிற்கிற அந்தச் செவிலியர் கல்லூரியில், ஒரு மனுஷனுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுபத்தெட்டுப் படிகள் இருந்தன. ஒரு காலத்தில் பன்னிரண்டுதான் இருந்ததாம். அப்புறம் வருஷா வருஷம் தரக்குழு வர ஆரம்பித்தது. வந்த குழு ஒரு படியாவது சேர்க்காமல் போனால் வந்து போனதற்கு என்ன அடையாளம்? அப்படிச் சேர்ந்து சேர்ந்து எழுபத்தெட்டு. முதல் படி, கதவைத் தட்டுவது. வார்டில் கட்டிலுக்கு ஏது கதவு, துணித்திரைதான். ஆகவே திரையைத் தட்ட வேண்டும். இரண்டாவது படி புன்னகை, மூன்று விநாடி. நோயாளியின் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜனைத் திறந்துவிடுவது ஐம்பத்திரண்டாவது படி. அதுவரைக்கும் நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாலாம் வருஷ மாணவி நஹ்லாவுக்கு எழுபத்தெட்டும் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனாலும் இரண்டு தடவை தோற்றிருந்தாள். முதல் தடவை திரையைத் தட்டிய சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது தடவை புன்னகை. “முதல் இரண்டு விநாடி புன்னகை, மூன்றாவது விநாடி வெறும் பல்” என்று மதிப்பீட்டுத் தாளில் டாக்டர் இனாயாத் எழுதியிருந்தார். மூன்றாவது தடவையும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். நாலு வருஷம் விடியற்காலையில் எழுந்து, தமன்ஹூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு மைக்ரோபஸ் மாறி வந்து போனதெல்லாம் கடலில் கரைத்த உப்பாகிவிடும்.

டாக்டர் இனாயாத்தான் மாணவிகளின் வார்டுப் பயிற்சிக்கு மேற்பார்வையாளர். கைகழுவுவதைப் பற்றி முந்நூறு பக்கம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். திங்களும் புதனும் வருவார். வந்து வார்டின் தேநீர் அறையில் உட்கார்ந்து எல்லாருடைய பயிற்சிக் குறிப்பேட்டையும் வாங்கிப் பார்ப்பார். மூன்றாவது கட்டிலைத் தாண்டி அவர் வந்ததை யாரும் பார்த்ததில்லை. நஹ்லா ஒருநாள் குறிப்பேட்டில், “பதினேழாம் கட்டில் பெரியவருக்கு முதுகில் புண் வராமலிருக்க இன்று ஆறு தடவை பிடித்து நகர்த்தி உட்கார வைத்தேன்” என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பதில் வந்தது: “இதில் உன் உணர்வு எங்கே? பூஜ்யம்.” மறுநாள், “ஆறு தடவை நகர்த்தியதில் எனக்கு இடுப்பு வலித்தது. வலியைப் பற்றி யோசித்தேன்” என்று எழுதினாள். பத்துக்குப் பத்து.

பதினேழாம் கட்டில் பெரியவர்தான் பயூமி. நாற்பது வருஷம் டிராமில் கண்டக்டராக இருந்தவர். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் மூன்று தலையணையில் சாய்ந்து, முகத்தில் மாஸ்க்கோடு, ராவும் பகலும் உட்கார்ந்தபடியே இருப்பார். படுத்தால் மூச்சு நின்றுவிடும். அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்காது. மாஸ்க்கைத் தூக்கி ஒரு பேச்சுப் பேசிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு காற்றுக் குடிப்பார். மூன்று வாரம் அவரைப் பார்த்துக்கொண்டதில் நஹ்லாவுக்கு அவர் வெறும் கட்டில் எண்ணாக இல்லை. மாமா ஆகிவிட்டார்.

“உங்க டாக்டரம்மா வந்தா நீ ஏன்மா அப்படிச் சுருங்கிப் போற?” என்று ஒருநாள் கேட்டார். “இன்ஸ்பெக்டர் ஏறின வண்டி மாதிரி ஆயிடுது உன் மூஞ்சி. நான் எத்தனை இன்ஸ்பெக்டரைப் பாத்திருக்கேன்! அவன் டிக்கெட்டை எண்ணுவான், கிழிச்ச துண்டை எண்ணுவான். உள்ள ஒரு புள்ளத்தாச்சி நின்னுக்கிட்டே வர்றா, அவ மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டா.”

“மாமா, மாஸ்க்கைப் போடுங்க முதல்ல. பேச்சு அப்புறம்.”

“போடுறேன், போடுறேன். நர்ஸாகிறதுக்குள்ளயே என்னா அதிகாரம் பாரு இவளுக்கு!”

இந்தச் சமயத்தில்தான், தலைநகரிலிருந்து ஒரு தரக்குழு வரப்போகிறது, மாணவிகளுக்குத் தேர்வு வைக்கும் முறையை நேரில் பார்க்கப்போகிறது என்று கடிதம் வந்தது. கல்லூரியே இரண்டுபட்டது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். உடைந்த சன்னலுக்குக் கண்ணாடி போட நேரமில்லாததால் அதற்கும் வெள்ளையடித்தார்கள். எல்லாம் சரி, தேர்வு நடத்தப் பொம்மை வேண்டுமே?

பொம்மை இருந்தது. ஏதோ ஒரு வெளிநாடு தானமாகக் கொடுத்தது. மூச்சு விடும், இருமும், உதடு நீலமாகும், அமுக்கினால் நெஞ்சு எழும்பும். அப்படியொரு அருமையான பொம்மையை ஒன்பது வருஷமாக ஒரு மாணவியும் தொட்டதில்லை. காரணம், அது சரக்கறைக்காரர் பெயரில் எழுதி ஒப்படைக்கப்பட்டிருந்தது. அரசாங்கச் சாமானைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் உயிரைக் கொடுத்தாவது அதைக் காப்பாற்ற வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். மனுஷன் பூட்டி வைத்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வும் பெற்றுவிட்டார். பொம்மையை அடுத்தவர் பெயருக்கு மாற்ற ஒரு குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவை அமைக்க ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது.

கல்லூரியின் தரப்பிரிவுத் தலைவர் பேராசிரியர் ருஷ்தி கூட்டத்தில் கவலையோடு கேட்டார்: “பூட்டை உடைச்சுட்டா என்ன?”

“உடைக்கலாம் சார்,” என்றார் டாக்டர் இனாயாத். “ஆனா பொம்மைக்கு ஏதாவது ஆச்சுன்னா மூணு பேர் மேல விசாரணை வரும். எதுக்கு வம்பு? வார்டுலேயே ஒரு நோயாளியை எடுத்துக்கலாம். நோயாளி யாரோட கையெழுத்துலயும் இல்லை.”

கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

அப்படித்தான் ஆள் தேடி வந்தார்கள். மூச்சுத் திணறல் வார்டில் மூச்சுத் திணறுகிற ஆளுக்குப் பஞ்சமா? ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், சொன்னபடி நடிக்க வேண்டும், குழுவைத் திட்டக்கூடாது. பதினேழாம் கட்டில்காரர்தான் வாயாடி, அவரே பொருத்தம் என்றார்கள். டாக்டர் இனாயாத் அன்றைக்குத்தான் முதல் முறையாக மூன்றாவது கட்டிலைத் தாண்டினார். கையில் ஒரு தாள் இருந்தது. மேலே மல்லாந்து படுத்த நோயாளியின் படம், கீழே: “திணறல், மிதமாக. இருமல், இரண்டு. பயம், முகத்தில் மட்டும்.”

பயூமி மாமா தாளை வாங்கிப் படித்தார். மாஸ்க்கைக் கழற்றினார். ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, “ஆ! காத்து! ஐயோ காத்து! என் பிள்ளைங்களை யார் பாத்துப்பாங்க!” என்று சினிமாவில் குண்டடிபட்டவன் மாதிரி கையை உதறி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். டாக்டர் இனாயாத் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

“என்ன தத்ரூபம்! இதையே அன்னிக்கும் செய்யுங்க பெரியவரே. பிள்ளைங்க வசனம் மட்டும் வேண்டாம், அது தாள்ல இல்லை.”

வார்டின் தலைமைச் செவிலியர் மிஸ் அதியாத் ஊசி ட்ரேயோடு அங்கேதான் நின்றிருந்தாள். முப்பது வருஷம் வார்டில் நின்று கால் வீங்கினவள்.

“டாக்டர், இந்த ஆளைப் படுக்க வைக்கப் போறீங்களா?”

“படத்துல நோயாளி மல்லாந்துதானே படுத்திருக்கார் மிஸ் அதியாத்? தாள்ல இருக்கிற படமும் கட்டிலும் ஒத்துப்போகணும். குழு அதைத்தான் முதல்ல பார்க்கும்.”

“படத்துல இருக்கிறவனுக்கு இதயம் நல்லாருக்கும்மா. இவருக்கு இல்லை. தலையணையை எடுத்தா இவர் தாங்க மாட்டார்.”

“நாலு நிமிஷம்தான்.”

“மாஸ்க்கு?”

“மாஸ்க் போட்டபடியே இருந்தா, ஐம்பத்திரண்டாவது படியில அந்தப் பொண்ணு எதைப் போடுவா?”

மிஸ் அதியாத் மருத்துவமனையின் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர், “கல்லூரி விஷயத்துல நாம தலையிட முடியாது” என்றார். கல்லூரியில் சொன்னாள். அவர்கள், “நோயாளி விஷயம் மருத்துவமனையோட பொறுப்பு” என்றார்கள். பந்து மாதிரி இரண்டு நாள் அலைந்தாள், பாவம்.

நஹ்லாவுக்கு இது தெரியவந்தது. அன்று மாலை பயூமி மாமாவிடம் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“மாமா, முடியாதுன்னு சொல்லிடுங்க. உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.”

“சொன்னா?”

“வேற ஆளைத் தேடுவாங்க.”

“தேடி, கெடைக்காம, தேர்வைத் தள்ளிப் போட்டா உன் கதி?”

தள்ளிப் போனால் வயது வரம்பு தாண்டிவிடும் என்று வார்டு முழுக்கத் தெரியும். தேர்வுக்கு அவள் பெயர்தான் சீட்டுக் குலுக்கலில் விழுந்திருந்தது என்பதும் தெரியும்.

“அட போம்மா,” என்றார் அவர், மாஸ்க்கைத் தூக்கி. “நாலு நிமிஷம் எனக்குப் பெரிசா? சீதி காபர் ஸ்டேஷன்லருந்து ராம்ல் வரைக்கும் படிக்கட்டுல தொங்கிக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் நான். உன்னைப் பாஸ் பண்ண வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எம் மக அஸ்ஸாகிட்ட சொல்லிருக்கேன், வாப்பாவுக்கு வேலை கெடைச்சிருக்குன்னு.” சொல்லிவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நஹ்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கும் பாஸாக வேண்டும் என்று ஆசை இருந்தது. அந்த ஆசையைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

தேர்வு நாள் காலை பத்து மணி. பதினேழாம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டார்கள். உள்ளே மதிப்பீடு செய்ய டாக்டர் இனாயாத். டாக்டர் இனாயாத் சரியாக மதிப்பீடு செய்கிறாரா என்று மதிப்பீடு செய்யத் தலைநகர் குழுவிலிருந்து ஓர் அம்மையார். அந்த அம்மையாருக்குத் துணையாகவும் கண்காணிப்பாகவும் அதே குழுவின் இன்னொருவர். மேற்பார்வைக்குப் பேராசிரியர் ருஷ்தி. கையில் கடிகாரத்தோடு நேரம் பார்க்க ஒருவர். கல்லூரிச் செய்திமடலுக்குப் படம் எடுக்க ஒருவர். ஆறு பேர் கையிலும் குறிப்பெழுத ஆறு அட்டை, படம் எடுக்கிறவரிடம்கூட. அவர் எத்தனை படம் எடுத்தார் என்று எழுத. ஏழாவது நஹ்லா. திரைக்கு வெளியே காவலாளி. கழுத்தில் அடையாள அட்டை மாட்டாத யாரையும் விடக்கூடாதென்று உத்தரவு. மிஸ் அதியாத்துக்கு அட்டை கொடுக்க மறந்துபோயிருந்தார்கள்.

மூன்று தலையணையையும் உருவினார்கள். மாஸ்க்கைக் கழற்றி அப்புறப்படுத்தி, சுவரில் வேறொன்றை மாட்டினார்கள். பயூமி மாமா மல்லாந்து படுத்தார். படமும் கட்டிலும் அச்சாக ஒத்துப்போயின.

“ஒரு விஷயம்,” என்றார் டாக்டர் இனாயாத் நஹ்லாவிடம். “நாங்க இங்க இல்லைன்னு நெனச்சுக்கோ. எங்ககிட்ட எதுவும் கேட்கக்கூடாது. கேட்டாலும் பதில் வராது. ஆரம்பி.”

நஹ்லா திரையைத் தட்டினாள். மூன்று விநாடி சிரித்தாள். பயூமி மாமா தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகி, “ஆ! காத்து!” என்றார். அட்டைகளில் பேனாக்கள் அசைந்தன. அவள் தன் பெயரைச் சொன்னாள், கல்லூரியைச் சொன்னாள், எதற்கு வந்தேன் என்று சொன்னாள், அனுமதி கேட்டாள், கை கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. முழுசாக ஒரு நிமிஷம். திரும்பி வந்தபோது பயூமி மாமா தொண்டையிலிருந்து கையை எடுத்திருந்தார்.

பத்தொன்பதாவது படி, நோயாளி தன் பெயரை, தகப்பன், பாட்டன், பூட்டன் பெயரோடு நாலு பெயராகச் சொல்ல வேண்டும். அதைக் கைப்பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

“உங்க முழுப் பேரைச் சொல்லுங்க மாமா.”

“நோயாளியை உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது,” என்று, அங்கே இல்லாத டாக்டர் இனாயாத் சொன்னார். “அரை மதிப்பெண்.”

“உங்க முழுப் பேரைச் சொல்லுங்க.”

“பயூமி…” என்றார் அவர். நடுவில் ஒரு மூச்சு. “ஹசனைன்…” இரண்டு மூச்சு. “இத்ரீஸ்…”

அப்புறம் ஒன்றும் வரவில்லை. நஹ்லா அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. வலது கை போர்வை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தது. நடிக்கும்போது ஊரைக் கூட்டுகிற மனுஷன் சத்தமே இல்லாமல் கிடந்தார். சத்தம் போடுற நோயாளியை விடு, சத்தம் போடாதவனைப் போய்ப் பாரு என்று மிஸ் அதியாத் முதல் வாரமே சொல்லியிருந்தாள். எந்தப் படியிலும் அது இல்லை.

அவள் குனிந்து, உதடு அசையாமல் கேட்டாள்: “மாமா, நெசமா முட்டுதா? நிறுத்திடட்டுமா?”

அவர் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று. கண்ணால் மேலே போ என்றார். நாலு நிமிஷம்தானே என்று அந்தக் கண் சொன்னது.

“நாலாவது பேர் வரலை,” என்றார் டாக்டர் இனாயாத். “திரும்பக் கேளு.”

நஹ்லா திரும்பக் கேட்டாள். ஐயோ, கேட்டாளே! அவர் எங்கிருந்தோ இழுத்துப் பிடித்து, “பயூமி… ஹசனைன்… இத்ரீஸ்…” என்று சொல்லி, கடைசியில் காற்றே இல்லாமல் உதட்டால் மட்டும் “சுலைமான்” என்றார். தலைநகர் அம்மையார் பக்கத்து ஆளிடம், “எவ்வளவு நல்லாப் பயிற்சி கொடுத்திருக்காங்க, பாத்தீங்களா! நிஜ நோயாளிகூட இப்படிப் பண்ண மாட்டான்” என்று மெதுவாகச் சொன்னார்.

இருபதிலிருந்து இருபத்தாறு வரை நஹ்லா செய்தாள். அவர் போ என்றாரே என்று செய்தாள். ஏழு படி. இருபத்தேழாவது, நகத்தின் நிறம் பார்ப்பது. கையைத் தூக்கினாள். நகமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கை சில்லென்று நனைந்திருந்தது. உதட்டைப் பார்த்தாள். அட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு ஆள் அந்த உதட்டைப் பார்த்திருந்தால் போதும். அங்கே நின்ற ஆறு பேரில் நாலு பேர் செவிலியர் படிப்புப் படித்தவர்கள்.

“இது நடிப்பு இல்லை!” என்று கத்தினாள். “நெசமாவே முட்டுது! தூக்கி உட்கார வைங்க!”

“உதவிக்கு உரக்கக் கூப்பிடுதல்,” என்று தலைநகர் அம்மையார் தாளைப் புரட்டினார். “அது நாற்பத்தொன்பதாவது படியாச்சே? முன்னாடியே வந்துடுச்சே.”

“ஆனா குரல் தெளிவு,” என்றார் பேராசிரியர் ருஷ்தி.

நஹ்லா யாரையும் பார்க்கவில்லை. அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். தனியாளாக முடியவில்லை. சுவரிலிருந்த மாஸ்க்கைப் பறித்து அவர் முகத்தில் அழுத்திக் குமிழைத் திருகினாள். சீறல் சத்தம் வரவில்லை. குழாயின் மறுமுனையைப் பார்த்தாள். அது எதிலும் செருகியிருக்கவில்லை. தேர்வுக்கு எதற்கு நிஜ ஆக்சிஜனை வீணாக்க வேண்டும் என்று காட்சி மாஸ்க்கை மாட்டியிருந்தார்கள். நிஜமானது எங்கே? அவசர மருந்துத் தள்ளுவண்டியில். அவசர வண்டி எங்கே? குழு பார்வைக்காகத் துடைத்து, முத்திரை வைக்கப்பட்டுச் சுவரோரம் நின்றிருந்தது. அதன் கயிற்றை அவள் இழுத்தபோது நேரம் பார்க்கிறவர் பதறிப்போனார்.

“அம்மா, அம்மா! அது முத்திரை! ரெண்டு கையெழுத்து இல்லாம உடைக்கக்கூடாது!”

“ஆள் செத்துட்டு இருக்கார்யா!”

“இருக்கட்டும், அது ஒருத்தர் பொறுப்புல ஒப்படைச்ச வண்டியாச்சே!”

அவள் பல்லால் கடித்து முத்திரையை அறுத்தாள். அதற்குள் போர்வையை நிமிண்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நாடி இல்லை. கட்டில்மேல் ஏறி முட்டி போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எண்ணினாள். வெளியே காவலாளியோடு மிஸ் அதியாத் போட்ட சண்டைச் சத்தம் கேட்டது. உள்ளே கடிகாரக்காரர், “நிமிஷத்துக்கு நூத்திப்பத்து. ஆழம் சரி” என்று சொல்லச் சொல்ல எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். படம் எடுக்கிறவர், “இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க” என்றார்.

ஒரு கட்டத்தில் பேராசிரியர் ருஷ்தி கையை உயர்த்தினார். “போதும்மா, போதும். நேரம் முடிஞ்சுது.” எல்லாரும் கைதட்டினார்கள். தலைநகர் அம்மையார் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். கண்ணீரோட நெஞ்சை அமுக்கின பொண்ணை இப்பத்தான் பாக்கறேன். இதுக்கு ஒரு தனிப் படியே சேர்க்கலாம்.”

பேராசிரியர் ருஷ்தி கட்டிலைப் பார்த்து, “நீங்களும் எழுந்துக்கலாம் பெரியவரே. பிரமாதம்!” என்றார்.

பெரியவர் எழுந்துகொள்ளவில்லை.

காவலாளியைத் தள்ளிவிட்டு மிஸ் அதியாத் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஒரே பார்வைதான் பார்த்தாள். நஹ்லாவின் கையை விலக்கிவிட்டு, மீதி இருந்ததையெல்லாம் அவளும் செய்து பார்த்தாள். கால் மணி நேரம். வார்டு டாக்டர் வந்தார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், மணியைக் கேட்டு எழுதினார். மிஸ் அதியாத் பெரியவரின் காதோரம் குனிந்து கலிமா சொன்னாள், கண்ணை மூடிவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“நாசமாப் போங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தேநீர் அறையில் அவசரக் கூட்டம் நடந்தது. நோயாளி இறந்துபோனது எல்லாருக்கும் வருத்தம்தான். பேராசிரியர் ருஷ்தி அதைப் பேச்சின் முதல் வாக்கியமாகவே சொன்னார். “ஆனா ஒண்ணை மறக்கக்கூடாது. நம்ம தேர்வு முறையில எந்தக் குறையும் கண்டுபிடிக்கப்படலை. எழுபத்தெட்டுப் படியையும் நான் திரும்பிப் பாத்தேன். எதுலயும் நோயாளி சாகணும்னு இல்லை. ஆக, இது தேர்வுக்கு வெளியில நடந்தது.”

“திரைக்குள்ளதானே நடந்தது?” என்றார் துணைக்கு வந்தவர்.

“திரைக்குள்ள. தேர்வுக்கு வெளியில.”

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நஹ்லாவுக்குக் கிடைத்த மதிப்பெண் தொண்ணூற்றேழு. கல்லூரி வரலாற்றிலேயே அதிகம். முன்பின்னாகச் செய்ததற்கு இரண்டும், உறவு சொல்லிக் கூப்பிட்டதற்கு அரையும், இறுதியில் நோயாளியிடம் புன்னகையோடு விடைபெறாததற்கு அரையும்தான் குறைந்திருந்தன. ஒரே ஒரு காகிதம் பாக்கி. எழுபத்தெட்டாவது படி, நோயாளியின் திருப்திப் படிவம். அதில் நோயாளி கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் மதிப்பெண் செல்லும்.

டாக்டர் இனாயாத் மை ஒத்தும் பெட்டியோடு பதினேழாம் கட்டிலுக்கு வந்தார். அங்கே நஹ்லா வெந்நீரில் துணி நனைத்துப் பயூமி மாமாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நஹ்லா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்,” என்றார். அவர் குரல் உண்மையிலேயே தணிந்திருந்தது; அவர் கெட்டவர் இல்லை. “இது இல்லாட்டி உன் தேர்வு செல்லாது. உன் பேரை அடிச்சிருவாங்க. ஒரே ஒரு விரல். அவருக்கு இனி என்ன? அவரும் உனக்காகத்தானே ஒத்துக்கிட்டார்?”

நஹ்லா அந்த வார்த்தையைக் கேட்டுத் துணியைக் கீழே வைத்தாள். அது பொய் இல்லை. அவளுக்காகத்தான் ஒத்துக்கொண்டார்.

பெரியவரின் கையை எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து, கட்டைவிரலையும் உள்ளே வைத்து, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“முடியாது டாக்டர்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“அவர் திருப்தியாப் போகலை. மூச்சு இல்லாமப் போனார். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க, நானும் பாத்துக்கிட்டு இருந்தேன். நாலாவது பேரைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

டாக்டர் இனாயாத் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதி, தேதி போட்டு, மைப்பெட்டியை மூடிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் நஹ்லாவின் பெயர் அடிக்கப்பட்டது. செய்திமடலில் அவள் படம் வந்தது. கட்டிலில் முட்டி போட்டு அழுதபடி நெஞ்சை அமுக்குகிற படம். கீழே “எங்கள் தேர்வு முறையின் உயிரோட்டம்” என்று போட்டிருந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பின்னாடி. அன்றைக்கு மதியம் ஒரு மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பமானபோது, அஸ்ஸா படியேறி வந்தாள். கையில் தூக்குச்சட்டியில் மொலோகியாக் கீரைக்குழம்பு. பதினேழாம் கட்டிலில் தலையோடு மூடிய வெள்ளைத் துணியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். சட்டி கையிலிருந்து நழுவியது. பச்சைக் குழம்பு தரையெல்லாம் ஓடியது. அவள் அலறி அடங்கும் வரை மிஸ் அதியாத் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஹ்லா பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

வெகு நேரம் கழித்து அஸ்ஸாதான் அவள் கையைப் பிடித்தாள்.

“நீதானேம்மா நஹ்லா? வாப்பா உன்னைப் பத்தி வாய் ஓயாமச் சொல்லுவாரு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எங்க உம்மா வீட்டுல தனியாக் கெடந்து போனாங்க, ஒரு ஈ காக்கா பக்கத்துல இல்லை. வாப்பாவுக்கும் அப்படி ஆயிருமோன்னுதான் நான் ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த நேரத்துல அவர் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

நஹ்லா அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இருந்தோம்,” என்றாள். “ஏழு பேர் இருந்தோம்.”

“ஏழு பேரா!” அஸ்ஸா இரண்டு கையையும் மேலே தூக்கினாள். “அல்ஹம்து லில்லாஹ்! அல்லாஹ் உங்க எல்லாருக்கும் பரக்கத் செய்யட்டும்!” என்று சொல்லி, நஹ்லாவின் கையை இழுத்து முத்தமிட்டாள்.